கலைச்சொல் வேண்டும்: 'ஸ்கோப் க்ரீப்' (சமூகப்பணிக் கையேட்டுக்காக)

சமூகப்பணி ஆசிரியை, சேலம்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஏற்காட்டு மலைக்கிராமங்களில் வேலை செய்யும் களப்பணியாளர்களுக்குத் திட்ட மேலாண்மைப் பயிற்சி நடத்துகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். காலம், செலவு, பணியெல்லை ஆகிய மூன்றில் ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் அசையும் என்ற பாடம் எழுதியாயிற்று. 1969இல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமைக்காக உருவான தருக்கச் சட்டக (லாக்ஃப்ரேம்) அட்டவணையையும் நோக்கம், விளைவு, வெளியீடு, உள்ளீடு என்று தமிழில் போட்டுவிட்டேன். 'ஸ்கோப் க்ரீப்' வந்ததும் நின்றுவிட்டேன். ஸ்கோப் என்றால் பணியெல்லை, க்ரீப் என்றால் ஊர்தல்; ஒப்புக்கொண்ட பணியெல்லை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போவது.

ஓர் எடுத்துக்காட்டு. மாலை நேரப் படிப்பு மையம் நடத்த ஒரு புராஜக்ட். பிள்ளைகள் வருகிறார்கள். உதவித்தொகைக்கு மனுப் போடப் போனால் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. அது கோட்டாட்சியர் தரவேண்டியது, ஆகவே மலையிறங்கிச் சேலம் போகவேண்டும். சான்றிதழ் வேலையாக அந்த வீட்டுக்குப் போனால் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று தெரிகிறது. அப்புறம், காட்டுமாடு நடமாடும் பாதையில் இருட்டியபின் பிள்ளைகளை வீடு சேர்ப்பது யார் என்ற கேள்வி. பணமும் ஆளும் ஏறவில்லை, வேலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்:

அம்மா, புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, சொல் நம்மிடமே இருக்கிறது. ஊர்தல் என்றால் மெல்ல நகர்தல். ஊர்வன, ஊர்தி எல்லாம் அதன் வழி வந்தவை. ஊர் + எல்லை = ஊரெல்லை. ஊர்ந்த எல்லை, ஊர்கின்ற எல்லை, ஊரும் எல்லை என முக்காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை. நேற்றும் நகர்ந்தது, இன்றும் நகர்கிறது, நாளையும் நகரும் என்பதுதானே உங்கள் சிக்கல்? வேறெந்த இலக்கணக் கட்டும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் ஊரெல்லை என்றால் எவருக்கும் அய்யனார் கோயில்தான் நினைவுக்கு வரும். 'நகரெல்லை' என்றால் மாநகராட்சி எல்லை ஆகிவிடும். படிப்பவர் அடிக்குறிப்பைத் தேடவேண்டிய சொல் களத்தில் நிற்காது. 'வரம்பு மீறல்' போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

தமிழாசிரியர், ஆத்தூர்:

நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஊர், நகர் இரண்டும் பெயராகவும் வருகின்றன, அசைதலைக் குறிக்கும் வினையாகவும் வருகின்றன. இது தற்செயலா? அலைந்து திரிந்தவன் நின்ற இடமே ஊர் ஆயிற்று என்று நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இடப்பெயர்களையே பாருங்கள். ஏரியும் காடும் சேர்ந்து ஏரிக்காடு, அது தேய்ந்து ஏற்காடு. சேலத்தைச் 'சைலம்' என்ற வடசொல்லிலிருந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு. நான் சேரலம் என்ற பக்கம் நிற்கிறேன்.

மொழியியல் ஆய்வாளர், கோவை:

ஒலி ஒத்திருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது ஐயா. இன மொழிகளில் இணைச்சொற்களை வைத்துப் பார்த்தபின்தான் அதைச் சொல்லலாம். சேலம் பெயர் பற்றித் தனி இழை தொடங்குவோம்.

களப்பணியாளர், ஏற்காடு:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கையேட்டைப் படிக்கப் போவது என்னைப் போன்றவர்கள்தான்.

'வரம்பு மீறல்' வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் ஒருவரின் நடத்தையின் மேல் விழும். பாட்டியின் மனுவை எழுதிக் கொடுத்த பெண் பணியாளரின் பெயருக்கு எதிரே மாத அறிக்கையில் 'வரம்பு மீறல்' என்று இருந்தால் யார் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்று. கம்பெனிப் புராஜக்டில் வேலை விரிவது நோய். எங்களிடம் பல நேரம் அதுதான் நோயைக் கண்டுபிடிக்கும் வழி. பிள்ளை ஏன் படிக்க வரவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால்தான் சான்றிதழும் கூலியும் வழியும் தெரியவரும். ஆகவே சொல்லிலேயே குற்றம் தொனிக்கக் கூடாது.

அதேநேரம், நடுவில் கூப்பிட்டு, "நீங்கள்தான் அந்தப் பக்கம் போகிறீர்களே, இந்தக் கணக்கெடுப்பையும் முடித்துவிடுங்கள்" என்பார்கள். இதை நாங்கள் 'தலையில் கட்டுவது' என்போம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பாட்டியும் கணக்கெடுப்பும் ஒன்றாகிவிடும்.

மென்பொருள் திட்ட மேலாளர், ஓமலூர்:

எங்கள் துறையிலும் இரண்டு உண்டு. எழுத்தில் கேட்டு, காலமும் பணமும் திருத்தி, ஒப்புதல் வாங்கிச் செய்தால் அது எல்லை மாற்றம். இவை எதுவும் இல்லாமல் சேர்ந்துகொண்டே போனால்தான் க்ரீப். யார் கேட்டார் என்பது கணக்கில் வராது, நல்ல காரியமா என்பதும் வராது. ஏட்டில் ஏறியதா என்பதே கேள்வி. பாட்டியின் மனுவும் ஏறவில்லை என்றால் அதுவும் க்ரீப்தான். அந்தச் சுமை உங்கள் மாலை நேரத்தில் போய் விழுகிறது, பணம் கொடுத்தவருக்கு அது தெரிவதே இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை இரண்டு விரல் வெட்டுவார். சில வருடம் கழித்து அளந்தால்தான் தெரியும். 'வரப்பு நகர்வு' எப்படி?

வாசகர், யாழ்ப்பாணம்:

நாங்கள் வயல் வரம்பு என்றே சொல்லுவம். அந்தப் பொருளில் பழைய இலக்கியத்திலும் உண்டு. 'வரம்பு நகர்வு' என்றால் இரு கரையிலும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

வரப்பு அழகாக இருக்கிறது. ஆனால் வரப்பை வெட்டுகிறவர் தெரிந்தே திருடுகிறவர். குற்றம் தொனிக்க வேண்டாம் என்று இப்போதுதானே பேசினோம்? ஆத்தூர் ஐயாவின் வழியிலேயே 'படரெல்லை' என்றால் ஊரும் நகரமும் குறுக்கே வராது.

தமிழாசிரியர், ஆத்தூர்:

படரெல்லை வினைத்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் படர்தல் பரவுதல். ஊர்தலில்தான் கண்ணுக்குத் தெரியாத மெதுமை இருக்கிறது. குறளின் வினைசெயல்வகை அதிகாரம் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்று ஐந்தை எண்ணச் சொல்கிறது. இவ்வளவு நுட்பமாகப் பகுத்த மொழியில் ஊர்தலையும் படர்தலையும் ஒன்றாக்குவது எனக்கு ஒப்பவில்லை. 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழாக்கச் சங்கம் வைத்தது இந்தச் சேலத்தில். அச்சகத்துக்கு நேரமாகிறது என்று இங்கே ஒரு சொல்லை முடிவுசெய்வது வருத்தமாக இருக்கிறது.

களப்பணியாளர், ஏற்காடு:

ஐயா சொல்லும் நுட்பம் புரிகிறது. எனக்கு வேண்டியது மாத அறிக்கையில் ஒரு கட்டம். 'ஒப்புக்கொண்டதற்கு மேல் செய்த வேலை' என்று தலைப்பிட்டாலும் நான் நிரப்பிவிடுவேன். அப்படி ஒரு கட்டம் இல்லாததால்தான், மலைக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்த நாட்கள் 'படிப்பு மையப் பணி' என்ற பெயரில் மறைகின்றன. அடுத்த ஆண்டுக்கும் அதே பணம், அதே ஆள் என்று எழுதிவிடுகிறார்கள்.

சமூகப்பணி ஆசிரியை, சேலம்:

எல்லாருக்கும் நன்றி. 'புராஜக்ட்' சொல்லையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறேன். வெறும் 'திட்டம்' என்றால் இங்கே அரசுத் திட்டம் என்றுதான் கேட்கும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் இது. ஆகவே கையேடு முழுக்கச் 'செயல்திட்டம்'.

ஓமலூர் தம்பி பிரித்துக் காட்டியபடி, ஒப்புதலோடு நடப்பது 'எல்லை மாற்றம்', ஒப்புதல் இல்லாமல் சேர்வது 'எல்லைப் படர்வு'. படரெல்லை நல்ல சொல்தான், ஆனால் அது எல்லையைக் குறிக்கிறது. எனக்கு நிகழ்வைக் குறிக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. அறிக்கைப் படிவத்தில் ஏற்காட்டு அம்மாவின் தொடரையே கட்டத்தின் தலைப்பாக வைக்கிறேன். அதன் கீழ் 'யார் கேட்டது', 'எத்தனை மணி நேரம்' என்று இரண்டு உட்கட்டங்கள். பாட்டியும் கணக்கெடுப்பும் அங்கே தனித்தனியாகத் தெரிவார்கள்.

மென்பொருள் திட்ட மேலாளர், ஓமலூர்:

சரி அக்கா. பயிற்சியில் வாய்மொழியாக வரப்புக் கதையையும் சொல்லுங்கள்.

தமிழாசிரியர், ஆத்தூர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மாறுபாடு பதிவில் இருக்கட்டும்: ஊர்தலைப் படர்தல் என்று எழுதுவது பிழை. மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

சமூகப்பணி ஆசிரியை, சேலம்:

அவசியம் எழுதுங்கள் ஐயா. அதற்குள் இன்னொன்று: 'ஸ்டேக்ஹோல்டர்', அதாவது ஒரு செயல்திட்டத்தில் அக்கறை உள்ளவர், அதனால் பாதிக்கப்படுபவர். 'பங்குதாரர்' என்று போட்டால் படிப்பு மையத்தில் தங்களுக்கும் லாபப் பங்கு உண்டா என்று கேட்பார்கள். நாளை மாலைக்குள் வேண்டும்.