புது டிவி, பழைய செட்டாப் பாக்ஸ்: படம் இல்லை, ஸ்பீக்கரில் 'உர்ர்' சத்தம்

கேள்வி:
வணக்கம். கேபிள்காரர் கொடுத்த பழைய எஸ்டி பாக்ஸ். பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று ஓட்டைதான், எச்டிஎம்ஐ கிடையாது. புது 43 இன்ச் டிவியில் 'ஏவி இன்' என்று ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று. டிவியோடு வந்த குட்டி வயர் தொலைந்துவிட்டது. மொபைல் கடையில் 3.5 எம்எம் பின்னிலிருந்து மூன்றாகப் பிரியும் வயர் வாங்கி மாட்டியாயிற்று. சோர்ஸ் ஏவி-யில்தான் இருக்கிறது. 'நோ சிக்னல்' என்கிறது, ஸ்பீக்கரில் உர்ர்ர் என்று இரைச்சல். பழைய டிவியில் அதே பாக்ஸ் நன்றாக ஓடுகிறது. டிவி போர்டு போய்விட்டதா?

பதில்:
போர்டு போகவில்லை சார், பதறாதீங்க. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு சேனல் மாற்றிப் பாருங்கள். இருட்டான காட்சிக்கும், கீழே பட்டையில் எழுத்து ஓடும் செய்திச் சேனலுக்கும் அந்த உர்ர் மாறுகிறதா? மாறினால் வீடியோ சிக்னல் ஆடியோ பின்னுக்குள் போகிறது. நம் ஊர் டிவி சிக்னல் முறையான பால் (PAL) முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது 50 அரைப்படம். அதுதான் உங்கள் காதில் உர்ர்.

3.5 பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம், நடுவே நான்கு உலோகத் துண்டு. எந்தத் துண்டில் வீடியோ, எதில் கிரவுண்டு (எல்லா சிக்னலும் திரும்பிப் போகும் பொது இணைப்பு) என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மொபைல் கடை வயரின் நிறத்தை இந்த டிவிக்கு நம்பவே கூடாது.

டிவி, பாக்ஸ் இரண்டையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, வயரின் சிவப்புத் தலையை பாக்ஸின் மஞ்சள் ஓட்டையில் மாட்டுங்கள், மஞ்சள் தலையைச் சிவப்பில். ஆன் செய்து பாருங்கள். படம் வராவிட்டால் வெள்ளைத் தலையை மஞ்சளில் மாட்டிப் பாருங்கள். மூன்று தலையில் ஒன்று படம் தந்தே ஆக வேண்டும். வீடியோ சிக்னல் 1 வோல்ட் அளவுதான், மாற்றி மாட்டுவதால் எதுவும் எரியாது. ஹெட்போன் ஓட்டை பக்கத்திலேயே இருக்கும், அதில் குத்திவிடாதீர்கள்.

இன்னொருவர்:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. கிரவுண்டு இடம் மாறியிருந்தால் தலைகளை எப்படி மாற்றினாலும் சரிவராது. படம் உருளும், அல்லது வரவே வராது. மல்டிமீட்டரை பீப் முறையில் வைத்து, மஞ்சள் தலையின் வெளி உலோகத்தில் ஒரு முனை, 3.5 பின்னின் நான்கு துண்டிலும் மாறி மாறி மறு முனை. பீப் அடிக்கும் துண்டுதான் கிரவுண்டு. டிவி மேனுவலில் பின் படம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். நுனியிலிருந்து மூன்றாவது என்று டிவி கேட்க, வயரில் நான்காவதில் பீப் அடித்தால் அந்த வயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாடல் எண்ணைச் சொல்லி அந்த டிவிக்கான ஏவி அடாப்டரையே வாங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சிவப்பையும் மஞ்சளையும் மாற்றியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது, சத்தமும் வந்தது. ஆனால் அடியில் மெல்லிய 'ம்ம்ம்' இருக்கிறது. எந்தச் சேனல் வைத்தாலும் ஒரே மாதிரிதான்.

பதில்:
சேனல் மாறியும் மாறாத சத்தம் என்றால் அது வீடியோ இல்லை, கரண்ட் ஹம், அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல். பாக்ஸ் ஓடும்போதே பின்னால் கேபிள் வயரின் திருகு கனெக்டரைக் கழற்றுங்கள். படம் போகும், அதைப் பார்க்காதீர்கள். காதை மட்டும் வையுங்கள். 'ம்ம்ம்' நின்றால் தெருக் கம்பத்து கேபிளின் கிரவுண்டும் வீட்டு கிரவுண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டிவியின் பவர் சப்ளையிலிருந்து கசியும் சின்னக் கரண்ட், ஏவி வயரின் கிரவுண்டு வழியாகக் கேபிளுக்குப் போகிறது.

டிவி, பாக்ஸ் இரண்டையும் எர்த் உள்ள ஒரே பலகையில் குத்துங்கள். டிவிக்கு ரெண்டு முள் பிளக் என்றால் திருப்பிக் குத்திப் பாருங்கள், சில சமயம் அதிலேயே குறையும். திருகு கனெக்டர் லூசாக இருந்தால் இறுக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் கேபிள் வயருக்கும் பாக்ஸுக்கும் நடுவே கேல்வானிக் ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு, கசியும் கரண்டைத் தடுக்கும் சின்ன இணைப்பான்) ஒன்று போடச் சொல்லுங்கள். கனெக்டரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்றால் முதலில் கேபிள்காரரைக் கூப்பிட்டு லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வயரைக் கழற்றியே வையுங்கள்.