சி பிளாக் குழு: ஆத்தோரப் பள்ளம்

சனிக்கிழமை

கமலா அக்கா, காலை 7:10
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு 8 மணிக்கு கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து துப்புரவு வேலை. ஆத்தோரப் பள்ளத்துக்கு 2 லாரி செம்மண் சொல்லியாச்சு. நிரவிட்டு புல்லு போட்டுடலாம்.

முனியாண்டி அங்கிள், 7:24
கமலா, லாரிய நிறுத்தி வைம்மா. இப்பதான் அங்க போய்ட்டு வரேன். ரெண்டு வாரம் முந்தி நம்ம ஆறு, சுங்கை பத்து, ஏறி வந்துச்சுல்ல, அந்தத் தண்ணி பள்ளத்துல இன்னும் முழங்கால் அளவு கிடக்கு. கங்கோங் கீரைக் கொடி ஓரமா செக்கச்செவேல்னு ஒரு கூட்டம், தண்ணி கொதிக்கிற மாதிரி. அத்தனையும் விரால் குஞ்சு! கிட்ட குனிஞ்சேன், அடியிலருந்து பெரிய மீன் சடார்னு வந்து தண்ணிய அடிச்சுது. காவல் காக்குதும்மா.

தேவி, 7:31
விராலா? எனக்கு சிசேரியன் ஆனப்ப, காயம் ஆறட்டும்னு அம்மா பாசாருக்கு, மார்க்கெட்டுக்குப் போய்த் தேடித் தேடி வாங்கி சூப் வெச்சுக் கொடுத்தாங்க. நம்ம வீட்டுப் பின்னாடியே இருக்கா!

சரவணன், 7:40
அங்கிள், தண்ணி தேங்கினா டிங்கி காய்ச்சல் வராதா? என் மக போன வருஷம் ஆஸ்பத்திரில கிடந்தா. எனக்கு பயம்.

முனியாண்டி அங்கிள், 7:52
பயம் நியாயம்தான் தம்பி. ஆனா டிங்கி பரப்புற ஏடிஸ் கொசு அதிகமா முட்டை விடுறது டயர், பூச்சட்டி, டப்பாவுல நிக்கிற தண்ணியில. பள்ளத்துல செப்பாட், புயு மீனெல்லாம் இருக்கு, கொசுப் புழுவைத் தின்னுடும். நாம தூக்க வேண்டியது மேட்டுல கிடக்கிற டயருங்களை.

இன்னொண்ணு. 1971 வெள்ளத்துக்கு அப்புறம் கோலாலம்பூர் ஆறுங்களை நேராக்கி கான்கிரீட் போட்டுட்டே வந்தாங்க. தண்ணி சீக்கிரம் ஓடிடும், சரி. ஆனா மீன் முட்டை விட புல்லு இல்ல, குஞ்சு ஒதுங்க நிழல் இல்ல. பள்ளத்தை மூடினா ஆறு ஏறுறப்ப அந்தத் தண்ணி நம்ம கார் பார்க்குக்குத்தான் வரும்.

புஷ்பா ஆண்டி, 8:05
சிங்கப்பூர்ல என் மக வீட்டுப் பக்கம், பீஷான் பார்க்ல, 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைச்சு வளைஞ்சு ஓடுற ஆறாக்கிட்டாங்க. 2012லயே. மழை வந்தா பார்க்குக்குள்ள தண்ணி ஏறும், அப்புறம் இறங்கிடும். பேரனோட போய்ப் பார்த்தேன், நீர்நாய் குட்டிங்களோட நீந்துச்சு.

சரவணன், 8:11
அப்ப சரி அங்கிள். மாமா குளத்துலருந்து திலாப்பியா குஞ்சு கொண்டாந்து விடவா?

முனியாண்டி அங்கிள், 8:15
வேணவே வேணாம்பா! அது ஆப்பிரிக்கா மீன். முட்டையை வாயிலயே வெச்சுப் பொரிக்கும், வருஷம் பூரா பெருகும், நம்ம மீனுக்கு இடம் இருக்காது. தொட்டிப் பாசியைத் தின்ன வளர்க்கிற பண்டாராயா மீன் ஆத்துக்கு வந்து, நம்ம மீனுங்க படுற பாடு போதாதா? தொட்டி மீனை யாரோ ஆத்துல விட்டதுதானே.
மரம் வைக்கலாம். பூமருது, இங்க புங்கோர்னு சொல்வாங்க. கபிஸ், நம்ம நெஜ அசோக மரத்துக்கு சொந்தம், ஆத்தோரமே வளரும். அது வேரு கரையைப் பிடிக்கும், மீனும் வேருக்குள்ள ஒளியும்.

கமலா அக்கா, 9:02
லாரிக்காரர்கிட்ட பேசிட்டேன், மண்ணு வராது. ஆத்து ரிசர்வ் நிலம்ங்கிறதால வடிகால் இலாகாவுக்கு லெட்டர் எழுதித்தான் மரம் வைக்கணும், அதை நான் பார்த்துக்கிறேன். டயர் எத்தனை அங்கிள்?

முனியாண்டி அங்கிள், 9:06
எண்ணினேன், 11. கங்கோங் மூலைப் பக்கம் பிள்ளைங்களை இறங்க விடாதீங்க. நான் விடியக்காலையிலயே போய் கயிறு கட்டி வெச்சிடறேன்.