புதுப்பிப்பு: அப்பாவின் கால் ரத்த ஓட்டமும் அழுத்தப் பம்பும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல் வரப்பில் நூறடி போவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் அப்பாவுக்கு, காலில் மாட்டிய உறையைக் காற்றால் ஊதி இறுக்கும் அழுத்தப் பம்பு உதவுமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில் கணுக்கால், கை ரத்த அழுத்தங்களின் விகிதத்தைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பயன்பட்டது. இடது காலில் 0.62 வந்தது, 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே தமனியில் (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில்) அடைப்பு என்று கொள்கிறார்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கருவியோ யானைக்கால் வீக்கத்துக்கானது. மெதுவாக ஊதி, நெடுநேரம் இறுக்கிப் பிடிப்பது. உறையைக் கழற்றியதும் விரல்கள் வெளுத்திருந்ததைச் சொன்னபோது மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

தமனிக்கான பம்பு, பாதத்தையும் கெண்டைக்காலையும் ஏறத்தாழ 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில் சில நொடிகள் மட்டும் சட்டென்று இறுக்கி விடுகிறது. நிமிடத்துக்கு மூன்று முறை இப்படி நடக்க, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் காலியாகித் தமனி ரத்தம் இறங்க வழி கிடைக்கிறது. படுத்துக்கொண்டு அல்ல, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே இதைப் போட வேண்டும் என்பது நாங்கள் எதிர்பாராதது.

தினமும் இரண்டு மணி நேரப் பம்பு, மாத்திரை, நடைப்பயிற்சி, பீடியை விட்டது எல்லாம் சேர்ந்து இப்போது மோட்டார் கொட்டகை வரை நிற்காமல் போய் வருகிறார். பீடிக்கே பாதிப் பங்கு என்பது என் எண்ணம். விகிதம் 0.66 தான். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி இறுகி இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், அவர்கள் கால் பெருவிரல் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.