டூட்டி சைக்கிளுக்குத் ‘தாங்குவீதம்’: வெல்டிங் மெஷின் கையேட்டுக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மெஷின் வாங்குகிறவர்களுக்காகக் கையேடு எழுதிவரும் தம்பி, டூட்டி சைக்கிளுக்கு, அதாவது மெஷினைப் பத்து நிமிடத்தில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று காட்டும் எண்ணுக்கு, தமிழில் என்ன போடலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். பணிச்சுழற்சி, கடமைச் சுழற்சி, இயக்கச் சுழற்சி, எரிவீதம், ஓய்வு வீதம் என்று வரிசையாகச் சொற்கள் வந்துவிட்டன. ராடு, ஹோல்டர், இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சட்டென முடிவெடுத்த குழுவில், இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இவ்வளவு மல்லுக்கட்டு. அதில் தப்பில்லை. கடையில் இரண்டு மெஷினை அருகருகே வைத்து, இரண்டும் 200 ஆம்ப் என்கிறார்கள், விலை மட்டும் ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஒருவர் கேட்டால், பதிலில் பெரும்பகுதி இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

என் பரிந்துரை: தாங்குவீதம். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வெட்டுவதும் ஒட்டுவதும் உங்கள் விருப்பம்.

முதலில் பொருள். மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மேல் வரியில் எக்ஸ் என்ற எழுத்து, அதன் பக்கத்தில் 30%, 60%, 100%. அடுத்த வரியில் ஐ2 என்று போட்டு 200, 141, 110 ஆம்பியர். அதற்கும் கீழே யூ2 வரியில் 28, 25.6, 24.4 வோல்ட். இந்த எக்ஸ்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் ஆள். கணக்கு பத்து நிமிடத்துக்கு. 200 ஆம்பியரில் 3 நிமிடம் பற்றவைத்தால் 7 நிமிடம் ஆறவிட வேண்டும். 141இல் வைத்தால் 6 நிமிடம் ஓட்டி 4 நிமிடம் ஆறவிட்டால் போதும். 110க்கு இறக்கிவிட்டால் நிறுத்தவே வேண்டாம். மூன்றும் தனித்தனிச் சங்கதி இல்லை. சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, அதனால் ஒன்று தெரிந்தால் மற்றதை ஏறக்குறையப் போட்டுப் பார்த்துவிடலாம். 200ஐ 0.3இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், 110 வரும்.

எல்லை மீறினால் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும், ஆர்க் நின்றுவிடும், விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் அந்த நேரத்தில் பயந்துபோய் மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள். அணைத்தால் விசிறியும் நின்று, உள்ளே இருக்கிற சூடெல்லாம் ஐஜிபிடி (கரண்டைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படியே விட்டுவைத்தால் ஆறிய பிறகு விளக்கு தானாக அணையும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் தம்பி.

> பணிச்சுழற்சி என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதையே கொள்ளலாமே?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். அலுவலகத்தில் ஆட்களை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றுவதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தாயிற்று. டூட்டி என்ற சொல்லையும் நாம் எப்போதோ சொந்தமாக்கிக்கொண்டோம்: நைட் டூட்டி, டூட்டி டாக்டர், டூட்டி மாற்றிவிடுவது. அந்த டூட்டியைப் பணி என்றோ கடமை என்றோ பெயர்த்து மெஷின் மேல் ஏற்றினால், வாங்குகிறவருக்கு ஒன்றும் விளங்காது. கடமைச் சுழற்சியைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. மெஷினுக்குக் கடமையுணர்ச்சி வந்தால் நல்லதுதான்.

சுழற்சி என்ற பகுதிக்கும் எனக்கு இதே மறுப்பு. நம் மின்சாரமே விநாடிக்கு 50 சுழற்சி. பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்றும் 50 சைக்கிள் என்றுதான் சொல்வார்கள். மின்கருவி பற்றிய கையேட்டில் சுழற்சி என்றதும் அவர்கள் மனசு அங்கேதான் போகும். வேறு மொழிக்காரர்களும் இந்தச் சைக்கிளைப் பிடித்துத் தொங்கவில்லை. பிரெஞ்சில் ஃபாக்தர் த மார்ஷ் என்கிறார்கள், இயங்கு காரணி என்று கொள்ளலாம். ஜெர்மன்காரர்கள் ஐன்ஷால்ட்டௌவர், அதாவது இயங்கும் காலம், என்கிறார்கள். ஜெர்மன் தகடுகளில் ஈடி 60% என்று கண்டால் குழம்பவேண்டாம், அது இதன் சுருக்கம்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, இழையில் இதுவரை யாரும் தொடவில்லை. இன்வெர்ட்டர் மெஷினுக்குள் இரண்டு டூட்டி சைக்கிள்கள் உண்டு. ஒன்று, பத்து நிமிடத்தில் எவ்வளவு நேரம் பற்றவைக்கலாம் என்கிற நம்முடையது. மற்றது, உள்ளே இருக்கும் ஐஜிபிடிகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும்போது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பங்கு நேரம் திறந்திருக்கின்றன என்பது. முகப்பில் இருக்கும் ஆம்பியர் குமிழைத் திருகும்போது மாறுவது இந்த இரண்டாவதுதான். அப்படி வேகமாகத் திறந்து மூடுவதால்தான் டிரான்ஸ்பார்மர் உள்ளங்கையளவுக்குச் சுருங்கி, முன்பு இரண்டு பேர் தூக்கிய மெஷினை இன்று தோளில் மாட்டிக்கொண்டு மாடியேற முடிகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது. நாமும் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டுமா? முதலாவது தாக்குப்பிடிப்பது, இரண்டாவது கட்டுப்பாடு. ரிப்பேர் கையேடு ஒன்று தமிழில் வரும் நாளில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். மின்னணுவியல் பக்கத்துக்குத் ‘திறப்புப் பங்கு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அதை அந்தத் துறை நண்பர்களே முடிவு செய்யட்டும்.

எரிவீதம் கேட்க நன்றாக இருக்கிறது. ராடு எரிகிறது என்றுதான் பட்டறையிலும் பேச்சு. ஆனால் ராடு எவ்வளவு வேகமாக உருகித் தீர்கிறது என்பது தனியாகவே ஓர் அளவு, அந்தச் சொல் அதற்குத்தான் பொருந்தும். அங்கே வைத்துக்கொள்வோம். ஓய்வு வீதம் சொன்ன அம்மாவின் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மெஷினுக்கு ஓய்வு வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆனால் எண் தலைகீழாகிவிடுமே அம்மா. தகட்டில் 60 என்று இருப்பதை வாசகர் 60 பங்கு ஓய்வு என்று படித்துவிட்டால், 30% மெஷினைத்தான் உசத்தி என்று நினைப்பார்.

இப்போது தாங்குவீதம். பட்டறைக்காரர்கள் ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும் விதத்தைக் கவனித்தால் வழி கிடைக்கிறது. டிக் வெல்டிங்கை ஆர்கான் வெல்டிங் என்கிறார்கள். மிக் வெல்டிங்கைச் சிஓ2 என்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற சிலிண்டரில் என்ன இருக்கிறதோ அதுவே பெயர். 3.15 மில்லி ராடு 10 நம்பர், 2.5 மில்லி 12 நம்பர், 4 மில்லி 8 நம்பர் என்பதெல்லாம் பழைய கேஜ் கணக்கு, இன்றும் கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும். அந்த மனிதர்கள் டூட்டி சைக்கிள் என்று சொல்லாமலே அதைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “10 நம்பர் ராடு விடாம எரிச்சா மெஷின் தாங்குமாண்ணே?” சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சுமை தாங்குதிறன் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதன் பக்கத்தில் தாங்குவீதம் அந்நியமாக நிற்காது. வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது.

> வெப்பத்தைப் பற்றிய சொல்லில் வெப்பம் வரவேண்டாமா? வெப்பத்தாங்கு வீதம் என்றால் துல்லியம்.

இயற்பியல் ஆசிரியர் ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் அப்படிச் சேர்த்தால், இன்சுலேஷன் எத்தனை டிகிரி தாங்கும் என்ற அளவாக வாசகர் எடுத்துக்கொள்வார். அதற்குத் தகட்டிலேயே தனியாக எஃப் அல்லது ஹெச் என்று வகுப்புக் குறி இருக்கிறது. வீதம் என்றால் வேகம் அல்லவா என்று இன்னொரு நண்பர் கேட்டார். சதவீதத்தில் வேகம் எங்கே இருக்கிறது? ‘பத்துக்கு ஆறு வீதம்’ என்று சாதாரணமாகப் பேசுகிறோம், இங்கே தேவைப்படுவதும் அதே பொருள்தான்.

சொல் எதுவானாலும் ஒரு நிபந்தனை வைக்கலாம்: பக்கத்தில் ஆம்பியர் இல்லாமல் தாங்குவீதத்தை எழுதக்கூடாது. தம்பியின் வரைவில் “60% உள்ள மெஷின் நல்லது” என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை ஆம்பியரில்? 120இல் 60% என்றால் அது சின்ன மெஷின், 200இல் 60% என்றால் 155 ஆம்பியரை நாள் முழுக்கத் தரும். முகப்பில் பெரிதாக 250 என்று அச்சடித்திருப்பது பல நேரம் மாடல் பெயர் மட்டுமே. பின்னால் தகட்டைப் படித்தால் 160 என்று இருக்கும், தாங்குவீதம் அதற்கும் கீழே சிறிய எழுத்தில். தகடே இல்லாத மெஷினுக்குப் பரிந்துரை வேண்டாம் என்று துணிந்து எழுதலாம்.

வெப்பநிலையும் அப்படியே. ஐஇசி 60974-1 என்ற சர்வதேசத் தரப்படி இந்த எண் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கானது. சிலர் 20, 25 டிகிரியில் சோதித்துவிட்டு அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு அந்த எண் உதவாது. கையேட்டில் “40 டிகிரியில் தாங்குவீதம்” என்று முழுசாகப் போட்டுவிட்டால் கேள்வியே இல்லை.

பயமுறுத்தவும் வேண்டாம். கையால் ராடு பிடித்துச் செய்கிற வேலையில் மெஷினுக்கு ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். 10 நம்பர் ராடு ஒன்று ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் எரியும். பிறகு கட்டையைத் தட்டிப் போட்டு, சிப்பிங் ஹேமரால் சிலாக்கை உடைத்து, பிரஷ் போட்டு, அடுத்த ராடை மாட்டி, வேலையைத் திருப்பி வைத்து, கண்ணாடியை இறக்குவதற்குள் இன்னும் இரண்டு நிமிடம் போயிருக்கும். கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று செய்யும் வீட்டுப் பட்டறையில் 16 கேஜ் ஸ்கொயர் பைப்புக்கு 12 நம்பர் ராடு, 60இலிருந்து 80 ஆம்பியர். ஆங்கிள், பிளாட்டுக்கு 10 நம்பர், 110 பக்கம். மேலே சொன்ன 200இல் 30% மெஷினே இதற்கெல்லாம் போதும், மஞ்சள் விளக்கைப் பார்க்காமலே காலம் தள்ளலாம். 8 நம்பர் ராடை 160 ஆம்பியரில் தொடர்ந்து ஓட்டுகிறவர்தான் கூடுதல் காசு கொடுத்து 200இல் 60% மெஷினுக்குப் போகவேண்டும். அதே 160இல் முதல் மெஷின் 47% பக்கம் நிற்கும், இரண்டாவது 94% வரை வரும். 18 கேஜ் தகடுதான் முக்கிய வேலை என்றால் இந்தப் பேச்சே வேறு. அங்கே ராடு வைத்தால் தகட்டில் ஓட்டை விழுவதுதான் பிரச்சினை, சிஓ2 மெஷின் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

வயரிங் அத்தியாயத்திலும் இந்தச் சொல் வரும், அங்கே விட்டுவிடாதீர்கள். தகட்டில் ஐ1 என்று, அதாவது மெஷின் லைனிலிருந்து இழுக்கும் கரண்டுக்கு, இரண்டு எண் இருக்கும், ஒன்று உச்சம், ஒன்று செயல்படு அளவு. உச்சத்தைத் தாங்குவீதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டாவது கிடைக்கும். உச்சம் 36 ஆம்பியர், தாங்குவீதம் 60% என்றால் 28. ஒயர் கனத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டாவதைப் பார்க்க வேண்டும். 12 நம்பர் ராடு வரைக்கும் வீட்டு 16 ஆம்ப் பிளக்கில் ஓட்டிவிடலாம். 10 நம்பருக்குப் போனால் 230 வோல்ட் லைனில் 20 ஆம்பியரைத் தாண்டும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைனும் தனி எம்சிபியும் வேண்டும். பிளக் உருகிய பிறகு மெஷினைக் குறைசொல்லிப் பயனில்லை.

கையேட்டில் முதல் முறை வரும்போது இப்படி எழுதலாம்: “தாங்குவீதம் (டூட்டி சைக்கிள்): குறிப்பிட்ட ஆம்பியரில், 40 டிகிரி சூழலில், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் இடைவிடாமல் பற்றவைக்கலாம் என்ற அளவு. 200 ஆம்பியரில் 30% என்றால் 3 நிமிடம் வேலை, 7 நிமிடம் ஓய்வு.” அதன் பிறகு தாங்குவீதம் மட்டும் போதும். கடைக்குப் போகிறவர் டூட்டி சைக்கிள் என்றே கேட்கட்டும், கடைக்காரருக்கு அதுதான் தெரியும்.

தகட்டில் இருக்கும் யூ0, அதாவது பற்றவைக்காதபோது மெஷின் தரும் வோல்ட், இன்னும் பாக்கி. திறந்த சுற்று மின்னழுத்தம் என்று பாடப்புத்தகச் சொல் இருக்கிறது, ஆனால் வேர்த்த கையோடு ராடு மாற்றுகிறவருக்கு அந்த 60, 70 வோல்ட் ஹோல்டரில் எப்போதும் நிற்கிறது என்பதை அது சொல்லவில்லை. ‘வெறுநிலை வோல்ட்’ என்று ஒன்று தோன்றுகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.