ரிவிஷன் (மறு) தோள் அறுவையில் 5-க்கு 2 திசுவில் சி. ஆக்னெஸ்: நிஜத் தொற்றா, தோலில் இருந்து ஒட்டியதா?

ஆர்த்தோ_பிஜி (கேள்வி)

62 வயது ஆண். தோள் மூட்டு மாற்றி 3 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நன்றாக இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வலியும் இறுக்கமும். காய்ச்சலோ தழும்பில் கசிவோ இல்லை. அழற்சிக்கான ரத்தச் சோதனைகள்: ஈஎஸ்ஆர் 18, சிஆர்பி லிட்டருக்கு 4 மில்லிகிராம். எக்ஸ்ரேயில் ஹ்யூமரஸ் ஸ்டெம்மை (மேற்கை எலும்புக்குள் செருகிய இம்பிளான்ட் தண்டு) சுற்றிக் கறுப்புக் கோடு. திறந்தபோது ஸ்டெம் கையோடு வந்துவிட்டது. சீழ் இல்லை, மூட்டு நீரும் தெளிவு. தொற்று என்று யாரும் நினைக்கவில்லை, அதனால் அதே சிட்டிங்கில் ரிவர்ஸ் இம்பிளான்ட் (பந்தும் கிண்ணமும் இடம் மாறிய வகை) போட்டு மூடியாயிற்று. ஃப்ரோசன் செக்‌ஷன் (அறுவையின்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது) வசதி இல்லை.

5 திசு அனுப்பியதில் 7-ஆம் நாள் ஒன்றிலும் 9-ஆம் நாள் இன்னொன்றிலும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் (சி. ஆக்னெஸ்). மற்ற மூன்றிலும் 14 நாள் வரை வளர்ச்சி இல்லை. வார்டில் ஆளுக்கொரு கருத்து: "தோல் கிருமி, விட்டுவிடு" என்கிறார் ஒருவர், "அனேரோப்தானே (ஆக்ஸிஜன் வேண்டாத கிருமி), மெட்ரோனிடசோல் போடு" என்கிறார் இன்னொருவர். புது இம்பிளான்ட்டைக் கழற்ற வேண்டுமா? மருந்து என்றால் எது, எத்தனை நாள்?

அகார்_தட்டு

மெட்ரோனிடசோலை முதலில் நிறுத்துங்கள். அனேரோப் என்ற பெயரைப் பார்த்துக் கை தானாக அதை எழுதிவிடும். ஆனால் சி. ஆக்னெஸுக்கு அந்த மருந்து இயல்பாகவே வேலை செய்யாது. பென்சிலின், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற பீட்டா லாக்டம்கள் பொதுவாக நன்றாகக் கேட்கும். கிளிண்டமைசினுக்கு எதிர்ப்பு கூடிவருகிறது, சென்சிடிவிட்டி பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

நிஜமா கலப்படமா என்று சொல்ல, "5-க்கு 2" என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. லேபில் இவற்றைக் கேளுங்கள்:

எந்த மீடியத்தில் வளர்ந்தது? அனேரோபிக் தட்டில் நேரடியாகக் காலனி வந்ததா, தயோகிளைகொலேட் பிராத்தில் (திரவ ஊடகம்) மட்டும் கலங்கியதா? இரண்டு தட்டில் 7, 9-ஆம் நாளில் வருவதற்கு எடை அதிகம். ஒரே ஒரு பிராத்தில் 13-ஆம் நாள் வருவது பெரும்பாலும் கலப்படம். பிராத்தை இடையிடையே திறந்து பார்க்கிற லேப் என்றால் அப்போதே கலந்திருக்கவும் கூடும். கட்டுப்பாட்டுக்காகப் பிரிக்காத ஸ்டெரைல் ஸ்பாஞ்சை அனுப்பிப் பார்த்த ஆய்வுகளில் அந்த ஸ்பாஞ்சிலும் சிலவற்றில் இது வளர்ந்திருக்கிறது.

இரண்டும் ஒரே கிருமியா? சென்சிடிவிட்டி ஒரே மாதிரி இருக்கிறதா, ரத்த அகாரில் இரண்டும் ஹீமோலைசிஸ் (ரத்த அணுவைச் சிதைப்பது) காட்டுகிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஹீமோலைசிஸ் காட்டுவதைச் சற்றுக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பேன், ஆனால் அது மட்டும் தீர்ப்பு ஆகாது.

கிராம் ஸ்டெயினில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு மதிப்பே இல்லை. இன்னொரு பொறி: ஒழுங்கற்ற கிராம் பாசிட்டிவ் கோலாகத் தெரிவதால் "டிப்தீராய்ட், கலப்படம்" என்று எழுதி மூடிவிடுவார்கள். தோள் சாம்பிளில் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் மால்டி-டாஃபில் (கிருமியை இனங்காணும் கருவி) இனம் வரை கேளுங்கள்.

14 நாள் வைத்திருக்கச் சொன்னது நல்ல காரியம். வழக்கமான 5 நாளில் தட்டைத் தூக்கிப்போட்டிருந்தால் உங்கள் ரிப்போர்ட் ஐந்திலும் "வளர்ச்சி இல்லை" என்றே வந்திருக்கும்.

தோள்_கத்தி

2018 பிலடெல்ஃபியா சர்வதேசக் கருத்தொருமிப்புக் கூட்டத்தின் தோள் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். ஸைனஸ் (மூட்டிலிருந்து தோல் வரை கசியும் துளை), மூட்டுக்குள் சீழ், வீரியமான ஒரே கிருமி இரண்டு திசுவில் என்றால் நேரடியாகத் தொற்று உறுதி. இவரிடம் அவை இல்லை. எனவே மதிப்பெண்: ஹ்யூமரஸ் தளர்வு 3, வீரியம் குறைந்த கிருமி முதல் திசுவில் 1, இரண்டாவது திசுவில் 3. மொத்தம் 7. 6-ஐத் தாண்டி, கிருமியும் கிடைத்துவிட்டதால் "அனேகமாகத் தொற்று" என்ற வகை. சிஆர்பி 10-க்கு மேலும் ஈஎஸ்ஆர் 30-க்கு மேலும் போனால் தலா 2 வரும். சி. ஆக்னெஸில் இவை நார்மலாக இருப்பதுதான் வழக்கம், அதனால் அந்தப் பூஜ்யம் ஆறுதல் இல்லை.

ஸ்டெம் கெட்டியாக இருந்து ஒரே ஒரு திசுவில் வந்திருந்தால் மதிப்பெண் 1. அப்போது "விட்டுவிடு" என்றவர் சொல்வதுதான் சரி. முதல்முறை அறுவை செய்யும், தொற்றே இல்லாத தோள்களிலும் இந்தக் கிருமி கல்ச்சரில் வருவதுண்டு. இங்கே தராசைச் சாய்ப்பது தளர்ந்த ஸ்டெம்.

கழற்ற வேண்டாம். பழைய இம்பிளான்ட், அதைச் சுற்றிய மெம்ப்ரேன் (சவ்வு) எல்லாம் எடுத்து, கழுவி, புதிது வைத்தாயிற்று. தெரியாமல் நடந்திருந்தாலும் அது ஒரே கட்ட ரிவிஷன்தான். காயம் உலர்ந்து, வலி குறைந்துகொண்டிருந்தால் மருந்தோடு கவனித்தால் போதும். சிமென்ட்டோ பழைய பாகமோ உள்ளே விட்டிருக்கிறீர்களா என்று ஆபரேஷன் நோட்டில் பாருங்கள். விட்டிருந்தால் என் கணக்கு மாறும்.

அடுத்த முறை திசு எடுப்பது பற்றி. ஸ்வாப் வேண்டவே வேண்டாம். குறைந்தது 5 துண்டு: கேப்ஸ்யூல் (மூட்டு உறை), ஸ்டெம் கழுத்தைச் சுற்றிய மெம்ப்ரேன், ஹ்யூமரஸ் குழாய்க்குள்ளிருந்து இரண்டு, கிளெனாய்டு (தோள்பட்டை எலும்பின் மூட்டுக்குழி) பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புது ஃபோர்செப்ஸ், புது பிளேடு, தனிக் குப்பி. தோலைத் தொட்ட கருவி உள்ளே போகக் கூடாது. சலைன் ஊற்றிக் கழுவும் முன்பே எடுக்க வேண்டும். ஸ்க்ரப் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி 5 செட் தனியாக வைக்காவிட்டால், அவசரத்தில் ஐந்து துண்டும் ஒரே ஃபோர்செப்ஸில்தான் வரும். பிறகு "5-க்கு 5 பாசிட்டிவ்" என்று வந்தாலும் அர்த்தமில்லை. அறுவைக்கு முந்தைய 2 வாரம் எந்த ஆன்டிபயாட்டிக்கும் இல்லாமல் இருப்பது முக்கியம். மேசையில் போடும் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கான செஃபாசோலினைத் திசு எடுக்கும் வரை தள்ளிப்போடுவதால் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை.

ஆர்த்தோ_பிஜி

நன்றி சார், நன்றி மேடம். இரண்டுமே தட்டில் நேரடியாக வந்தவை, சென்சிடிவிட்டியும் ஒன்றே. சிமென்ட் உள்ளே இல்லை. ஃபோர்செப்ஸ் மாற்றியது இரண்டு முறை மட்டுமே என்று நோட்டில் இருக்கிறது. ரிஃபாம்பிசின் சேர்க்கலாமா?

அகார்_தட்டு

எந்தெந்தத் துண்டு எந்த ஃபோர்செப்ஸில் எடுத்தது என்று தெரிந்தால் நல்லது. பாசிட்டிவ் வந்த இரண்டும் ஒரே கருவியில் வந்திருந்தால் என் உறுதி பாதியாகும்.

தொற்று_வார்டு

அந்தச் சந்தேகம் இருந்தாலும், தளர்ந்த ஸ்டெம்மோடு சேர்த்துப் பார்த்தால் மருந்து கொடுக்கும் பக்கமே நிற்பேன்.

செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம், நாளுக்கு ஒரு முறை, நரம்பு வழி. அல்லது பென்சிலின் ஜி ஒரு நாளைக்கு 2 கோடி யூனிட், தொடர் இன்ஃப்யூஷனாகவோ 6 வேளையாகப் பிரித்தோ. காலம் 4 முதல் 6 வாரம். வீட்டிலிருந்து தினமும் வந்து போட்டுக்கொள்பவருக்கு ஒரே வேளை மருந்துதான் நடைமுறை. பிறகு வாய்வழி அமாக்சிசிலினுக்கு மாற்றுவதா, அதை எவ்வளவு காலம் தொடர்வது என்பதில் மையத்துக்கு மையம் வழக்கம் வேறு. கிட்னி, லிவர், ரத்த அணு எண்ணிக்கையை வாரம் ஒரு முறை பாருங்கள்.

ரிஃபாம்பிசின் பயோஃபிலிமில் (இம்பிளான்ட் மீது கிருமி படரும் படலம்) வேலை செய்வது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். தோள் இம்பிளான்ட் நோயாளிகளில் அதனால் கூடுதல் பலன் என்று உறுதியாகவில்லை. சேர்ப்பதானால் காயம் மூடிய பிறகு, இன்னொரு மருந்தோடு மட்டுமே. தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பு சீக்கிரம் வந்துவிடும். வார்ஃபாரின், சர்க்கரை மாத்திரை, புதிய ரத்தம் உறையா மாத்திரைகள் எல்லாவற்றின் அளவையும் இது கலைக்கும்.

நம் ஊரில் இதற்கு முன் ஒரு படி இருக்கிறது: காசநோய். தோளில் வரும் டிபி சீழே இல்லாமல் உலர்ந்த வகையாக, வலியும் இறுக்கமுமாக வரும். அதாவது இவர் சொன்ன அதே புகார்கள். ஹிஸ்டோபதாலஜியில் (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது) கிரானுலோமா (டிபியில் காணும் அழற்சி முடிச்சு) இல்லை என்றும், திசுவின் ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி மரபணுச் சோதனை) நெகட்டிவ் என்றும் கையில் வராமல் ரிஃபாம்பிசினைத் தொடாதீர்கள். டிபி ஒளிந்திருந்தால் அரைகுறை மருந்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை நாமே வளர்த்துவிடுவோம். திசு மிச்சம் இருக்கிறதா என்று இன்றே லேபில் கேளுங்கள். ஃபார்மலினில் போட்டது கல்ச்சருக்கு உதவாது.

தியேட்டர்_இன்சார்ஜ்

வராமல் தடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தக் கிருமி முடிக்குழிக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் உள்ளே இருக்கிறது, ஆண்களின் தோளிலும் மார்பிலும் கூடுதல். குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் மேற்பரப்பைத்தான் சுத்தம் செய்யும். பிளேடு தோலை வெட்டும்போது உள்ளே இருப்பது வெளியே வரும்.

பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு 5% ஜெல்லை அறுவைக்கு 2 நாள் முன்பிருந்து காலையும் இரவும் தோள், அக்குள், மேல்முதுகு மீது தடவச் சொல்கிறோம். விலையும் குறைவு. வெளிறிப்போகும் என்பதால் பழைய பனியன், பழைய தலையணை உறை என்று சொல்லியே அனுப்புங்கள். இல்லாவிட்டால் துணி கெட்டது என்று ஒரு வேளையோடு நிறுத்திவிடுவார்கள். எரிச்சல், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும், புண்ணான தோலில் வெட்ட முடியாது.

மேசையில்: சவரம் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் பூசியபின் முழுதாக உலரும்வரை ட்ரேப் போடாதீர்கள். தோல் வெட்டிய பிளேடை உடனே மாற்றுங்கள். இம்பிளான்ட் தொடும் முன் வெளிக் கையுறையையும் மாற்றுங்கள். செஃபாசோலின் 2 கிராம், வெட்டுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். 120 கிலோவுக்கு மேல் 3 கிராம். "பென்சிலின் அலர்ஜி" என்று பழைய சீட்டில் இருப்பதை அப்படியே நம்பி வான்கோமைசினுக்குத் தாவாமல், என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். சின்ன வயதில் வயிறு கலங்கியது என்பதெல்லாம் அலர்ஜி கணக்கில் ஏறியிருக்கும்.

அகார்_தட்டு

ஒன்று விட்டுப்போயிற்று. கழற்றிய ஸ்டெம்மை வீசிவிட்டீர்களா? ஸோனிகேஷன் (ஒலியலையால் கிருமியை உதிர்த்து எடுப்பது) வசதி இருக்கும் இடமானால் மூடி இறுகிய ஸ்டெரைல் டப்பாவில் அனுப்பலாம். கழுவிய நீரில் மில்லிலிட்டருக்கு 50 காலனிக்கு மேல் என்பது பலர் வைக்கும் எல்லை. இப்போது தாமதம் என்றாலும், இரண்டு ஐசோலேட்டையும் (வளர்த்தெடுத்த கிருமி) மைனஸ் 70 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே தோளில் மறுபடி சி. ஆக்னெஸ் வந்தால், பழையதா புதிதா என்று ஒப்பிட வேறு வழி இருக்காது.