கொழும்பில் தனியாக ஆடுபவருக்கு ஒத்திகை இடம் எங்கே?

வெள்ளவத்தையில் இருக்கிறேன். பதினொரு வருடம் பரதம் படித்து, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றம் செய்தவள். இரண்டு வருடமாகச் சலங்கை கட்டாமல் ஒரு தனி ஆட்டம் உருவாக்கி வருகிறேன். அம்மம்மா முழங்கால் வலியோடு நிலத்திலிருந்து எழும்பும்போது முதலில் வலது கை சுவரைத் தேடும், பிறகு ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகுதான் உடம்பு. அந்த எழும்பலை, பரதத்தில் முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியிலிருந்து செய்து பார்க்கிறேன். இதுவரை 12 நிமிடம் வந்திருக்கிறது.

எங்கள் ஃபிளாட்டில் டைல்ஸ், குதிக்க முடியாது. மணித்தியாலக் கணக்கில் எடுத்த ஹோலில் கண்ணாடி, ஏசி எல்லாம் இருந்தன, நிலம் மட்டும் சீமெந்து. மூன்றாம் நாள் என் முழங்கால் வீங்கிவிட்டது. உதவி கேட்டு ஓரிடத்துக்கு எழுதினேன். பதிவு செய்த அமைப்பா, நிகழ்ச்சி எத்தனையாம் திகதி என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான், திகதியும் இல்லை. எனக்கு இப்போது மேடை வேண்டாம். மூன்று மாதத்துக்கு மரத்தளம் உள்ள அறையும், பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லும் ஒரு ஆளும்தான் வேண்டும். யாருக்காவது வழி தெரியுமா?

பதில் 1
தங்கச்சி, ஜெர்மன் பண்பாட்டு நிலையமான கோதே இன்ஸ்டிடியூட் தொடங்கிய கொழும்பு டான்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற நடன விழாவைப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊரில் தனியாக வேலை செய்பவர்களை ஒருவரையொருவர் பார்க்க வைத்தது அதுதான். அதைத் தொகுத்தளித்த வெனுரி பெரேரா, கொழும்பின் சித்ரசேன கலாயதன நடனப் பள்ளியில் கண்டிய நடனம் படித்து, பின்னர் லண்டனில் லாபான் நடனக் கல்லூரியிலும் படித்தவர். மரபிலிருந்து கிளம்பியவரின் சிக்கல் அவருக்குப் புரியும். அடுத்தது, நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் ஃபண்ட் தரும் சீட் விருது: 5,000 யூரோ, தொழிலின் ஆரம்ப வருடங்களில் இருப்பவர்களுக்கு. தனி ஆளுக்கே தருவார்கள், நிகழ்ச்சித் திகதி கேட்பதில்லை. சுவிஸ் கலை மன்றமான புரோ ஹெல்வெத்தியாவின் புதுடில்லி அலுவலகம் இலங்கைக் கலைஞர்களையும் சுவிஸில் தங்கி வேலை செய்ய அழைக்கிறது.

பதில் 2
அக்கா சொன்னது சரி, ஆனால் அப்படி விண்ணப்பித்தால் முடிவு வர மாதங்கள் ஆகும். முழங்கால் அதுவரை காத்திருக்காது. பள்ளிக்கூட மேடைகளில் பலகைத் தளம் இருக்கும், பின்னேரங்களில் சும்மாதான் கிடக்கும். படித்த பள்ளிக்கூடத்து அதிபரிடம் நேரில் போய்க் கேளுங்கள், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுப்பதாகச் சொல்லுங்கள். சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா பெசன்ட் நகரில் தன் வீட்டோடு சேர்த்தே ஆடும் இடத்தை அமைத்துக்கொண்டார். எங்களுக்கு அந்த நிலம் இல்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேட்டவர்
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பள்ளிக்கூட மேடை ஞாபகத்துக்கே வரவில்லை. நான் படித்த இடத்தில் பலகைத்தளம்தான், ஓரத்தில் இரண்டு பலகை ஆடும். திங்கட்கிழமை அதிபரைப் பார்க்கப் போகிறேன். அக்கா, இடம் கிடைத்தால் அந்த 12 நிமிடத்தைப் பார்க்க வருவீர்களா? கை சுவரைத் தேடும் இடம் நீளமாக இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.