மார்த்தாண்டம் – நாகர்கோவில் போக வர 60 கி.மீ.: மின்சாரக் கார் கட்டுபடியாகுமா?

குழித்துறையான்:

வீடு மார்த்தாண்டம் பக்கம், வேலை நாகர்கோவிலில். வாரத்தில் நாலு நாள் காரில் போக வர 60 கி.மீ. மற்ற ஓட்டமும் சேர்த்தால் மாதம் 1200 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒருதடவை திருநெல்வேலி போய் அன்றைக்கே திரும்பணும். அது ஒரு வழி 110 கி.மீ. கார் ஷெட் உண்டு, ஆனால் மீட்டர் பெட்டியிலிருந்து 25 மீட்டர் தள்ளி. சிங்கிள் பேஸ் இணைப்பு. கரண்டு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகுது.

பார்த்து வைத்திருப்பது டாடாவின் மின்சாரக் கார் டியாகோ இ.வி., 24 யூனிட் பேட்டரி உள்ளது. ஷோரூமில் "கி.மீ.க்கு ஒரு ரூபாய்தான்" என்கிறார்கள். நம்பலாமா? 25 மீட்டருக்கு என்ன வயர் போடணும்? திருநெல்வேலிக்கு ஒரே சார்ஜில் போய்வர முடியுமா? விவரம் தெரிந்தவங்க கணக்கோடு சொன்னால் கொள்ளாம்.

மீட்டர்பெட்டி:

அந்த ஒரு ரூபாய்க் கணக்கு, காருக்கென்று தனி மீட்டர் இருப்பதாக நினைத்துப் போட்டது. நிஜத்தில் காரின் யூனிட் உங்க வீட்டு யூனிட்டுக்கு மேலே போய் உட்காரும். அதாவது ஸ்லாபின் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிக்கட்டு) உச்சியில்.

இந்த அளவு கார் பேட்டரியிலிருந்து எடுக்கும் 1 யூனிட்டுக்கு 8 கி.மீ. ஓடும். சார்ஜ் ஏறும்போது சூடாகப் போகிற நஷ்டம் பத்துப் பன்னிரண்டு சதவீதம். ஆகவே மீட்டரில் ஓடும் 1 யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வையுங்க. இரண்டு மாதத்துக்கு 2400 கி.மீ. என்றால் 343 யூனிட். உங்க 380-ஓடு சேர்த்தால் 723.

2024 ஜூலைக் கட்டணப்படி 380 யூனிட்டுக்கு பில்: முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 வீதம் 235, மீதி 180 யூனிட் 4.70 வீதம் 846. மொத்தம் 1081 ரூபாய்.

723 யூனிட்டுக்கு: 500-ஐத் தாண்டிய உடனே அந்த 2.35 விலை கிடையாது. 101 முதல் 400 வரை 4.80 வீதம் 1440, அடுத்த 100-க்கு 6.45 வீதம் 645, அதற்கடுத்த 100-க்கு 8.55 வீதம் 855, மிச்சம் 123 யூனிட் 9.65 வீதம் 1187. மொத்தம் 4127.

வித்தியாசம் 3046 ரூபாய். யூனிட்டுக்கு ஏறக்குறைய 8.90, கி.மீ.க்கு 1.27. ஷோரூம்காரர் சொன்னது பெரிய பொய் இல்லை, ஆனால் கால் ரூபாயை விழுங்கிவிட்டார். வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடி ஏற்கெனவே 800 யூனிட் ஆகிறவர் என்றால் காருக்கு யூனிட் 10.70, 11.80 என்று போகும். அவருக்கு கி.மீ. 1.60 பக்கம் வரும்.

இதே தூரத்துக்கு பெட்ரோல்: லிட்டருக்கு 17 கி.மீ., லிட்டர் 102 ரூபாய் என்றால் 14,400. இரண்டு மாதத்துக்கு மிச்சம் 11,350. வருடத்துக்கு 68,000 சொச்சம்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. இரண்டு மாத யூனிட் 500-இல் நின்றால் பில் 1805. அதுவே 501 என்றால் 2093. ஒரே யூனிட்டுக்கு 288 ரூபாய் கூடும். கார் கொஞ்சமாக ஓடுகிற வீடுகளில் ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தின இரண்டு நாள் மீட்டரைப் பார்த்துவிட்டு சார்ஜரைச் சொருகினால் அந்தக் காசு மிஞ்சும். உங்களுக்கு இது உதவாது, நீங்க 500-ஐத் தாண்டித்தான் தீரணும்.

ஓடக்கரை:

மேலே சொன்ன 68,000 சரி. ஆனால் அதை மட்டும் பார்த்து இறங்காதீங்க. இணையான பெட்ரோல் வண்டிக்கும் இதற்கும் ஆன்ரோடு விலையில் 3 லட்சம் வித்தியாசம் வந்தால், அந்த 3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை மாதம் 6,227. மிச்சமாவதோ மாதம் 5,680. ஆக 5 வருடம் கையிலிருந்து மாதம் ஐந்நூறு சொச்சம் கூடுதலாகப் போகும். ஆயில், ஃபில்டர் செலவு இல்லாததால் அது ஏறத்தாழ சரிக்கட்டும். லாபம் என்று ஒன்று கையில் நிற்பது ஆறாவது வருடத்தில்தான். பேட்டரி வாரன்ட்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., அதனால் பயமில்லாமல் லாபம் பார்க்கிற காலம் 3 வருடம்.

மாதம் 500 கி.மீ.தான் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் 29,000-க்கு மேல் மிஞ்சாது. வட்டியைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் 3 லட்சம் திரும்ப 10 வருடம். அவங்க பெட்ரோலே வாங்கட்டும்.

ஷோரூமில் இன்னும் சில பழைய கதை ஓடும். கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு என்பார்கள். அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். விலையில் மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று பெருமையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் 18 ஆக இறங்கிவிட்டது. பழைய விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஏமாறாதீங்க. சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருந்தார்கள். பதிவு செய்யும் நாளில் என்ன நிலவரம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்குங்க.

எர்த்குழி:

வயர் விஷயத்துக்கு வாறேன்.

முதலில், 7.2 கிலோவாட் சார்ஜருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தினம் 60 கி.மீ.க்கு 9 யூனிட் போதும். 15 ஆம்பியர் சாக்கெட்டில் வரும் சாதா சார்ஜரே மூணு மணி நேரத்தில் ஏற்றிவிடும். 7.2 போட்டால் 32 ஆம்பியர் இழுக்கும். சிங்கிள் பேஸ் வீட்டில் அதற்கு இடமே இல்லை, த்ரீ பேஸ் மாற்றணும்.

15 ஆம்பியர் சார்ஜருக்கு மீட்டர் பெட்டியிலிருந்து நேரே ஒரு தனி லைன். வீட்டு போர்டிலிருந்து கொக்கி போட்டு எடுக்கக் கூடாது. 25 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. கனம்) காப்பர் போட்டால் ஐந்தரை வோல்ட் வழியிலேயே போகும், 80 வாட்டுக்கு மேல் பைப்புக்குள் சூடாகும். 4 ஸ்கொயர் போட்டால் மூன்றரை வோல்ட். 4 போடுங்க. தொடக்கத்தில் 20 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), அதோடு 30 மில்லி ஆம்பியர் டைப்-ஏ ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் விழும் சுவிட்ச்). சாதாரணமாகக் கடையில் எடுத்துத் தருவது டைப்-ஏ.சி. அட்டையில் பார்த்து வாங்கணும்.

எரிகிற இடம் வயர் இல்லை, சாக்கெட். கீசர் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும். கார் மூணு மணி நேரம் விடாமல் 14 ஆம்பியர் இழுக்கும். மலிவு சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு சூட்டில் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி, கடைசியில் பேக்லைட் கருகும் வாடை வரும். நல்ல கனமான 16 ஆம்பியர் சாக்கெட், இரும்புப் பெட்டியில். முதல் வாரம் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே மாற்றுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சிலர் கம்பெனி பிளக்கை வெட்டிவிட்டு நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் மாட்டுகிறார்கள். பலமானதுதான், ஆனால் சார்ஜர் வாரன்ட்டி போச்சு.

அடுத்தது எர்த். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுக்கும் புகாரில் முக்கால்வாசி எர்த் கோளாறுதான். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் இருக்கணும். நம்ம பக்கம் மேட்டில் செம்மண்ணும் வெட்டுகல்லும், மாசி பங்குனியில் குழி வறண்டு போகும். கடலோரத்தில் மணல், தண்ணி நிற்காது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணி ஊற்றினால் போதும்.

சாயங்காலம் ஏழு முதல் பத்து வரை வோல்டேஜ் 190-க்கு இறங்கும் ஊர்களில் அந்த நேரம் போடாதீங்க. ஆம்பியர் அதேதான் இழுக்கும், ஏறுவது குறையும், சில நேரம் சார்ஜர் தானே நின்றுவிடும். பதினொன்றுக்கு மேல் ஏறும்படி காரிலேயே டைம் வைக்கலாம். இரவுக்குத் தனி விலை வீட்டு மீட்டரில் கிடையாது, வோல்டேஜுக்காக மட்டும்தான் இது. சார்ஜர், மோட்டார், ஏ.சி. மூன்றும் ஒரே நேரம் ஓடும் என்றால் லோடு கூட்டச் சொல்லி செக்‌ஷன் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்க.

ஆரல்காற்று:

திருநெல்வேலிக்குப் போய்வர ஒரே சார்ஜ் போதாது. எத்தனை பைய ஓட்டினாலும் போதாது. 315 கி.மீ. என்று முதலில் விளம்பரம் வந்தது சோதனைக்கூடக் கணக்கு. ஊர் ரோட்டில் 190 வரும், நாற்கரச் சாலையில் 80-90 வேகத்தில் 165.

இதில் நம்ம மாவட்டத்துக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. வைகாசி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தானே. போகும்போது அது முதுகில் தள்ளும், யூனிட்டுக்கு 8 கி.மீ. கூடக் காட்டும். "அட, பாதிக்குக் கிட்ட மிச்சம் இருக்கே" என்று தெம்பாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவீங்க. காவல்கிணறு தாண்டினதும் அதே காற்று மூஞ்சியில். 80-இல் போகிற வண்டிக்கு எதிரே 30 கி.மீ. காற்று என்றால், வண்டிக்கு அது 110 வேகத்தில் போவது மாதிரி. காற்றுத் தடை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யூனிட்டுக்கு 6 கி.மீ.க்கும் கீழே இறங்கும்.

கணக்காகச் சொன்னால், போக 57 சதவீதம், வர 79 சதவீதம். மொத்தம் 136. கையில் 15 சதவீதம் இருப்பு வைத்து வரணும் என்றால் திருநெல்வேலியில் 51 சதவீதம், அதாவது 12 யூனிட் போல ஏற்றணும். டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் (வேகமாக ஏற்றும் பொது சார்ஜர்) முக்கால் மணி நேரம், யூனிட் 22 ரூபாய் என்றால் 264 ரூபாய். சொந்தக்காரர் வீட்டில் நல்ல 15 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் நாலு மணி நேரம்.

பொது சார்ஜரில் மூணு விஷயம் கவனிக்கணும். 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு கன் (காரில் சொருகும் பிடி) உள்ளதில் பக்கத்து வண்டி மாட்டினால் பாதியாகும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறையும், தேவைக்கு மேல் அங்கே நின்று 100 ஆக்குவது வீண் சோலி. மூன்றாவது, ஆப். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆப், தனி வாலட். சார்ஜர் முன்னால் நின்று ஓ.டி.பி.க்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே இரண்டு ஆப்பில் 300 ரூபாய் போட்டு வையுங்க. போகிற சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எது என்று பார்த்துவிட்டு, 25 சதவீதம் இருக்கும்போதே போய்ச் சேரணும். பூஜ்யத்தில் போய் நின்றால்தான் வெப்ராளம்.

தினப்படி ஓட்டத்துக்கு எந்தக் கவலையும் வேண்டாம். மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் பெட்ரோல் வண்டி சும்மா நின்று குடிக்கும், இது குடிக்காது. ஏ.சி. மட்டும் மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும்.

குழித்துறையான்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணி நின்றால்? முட்டம், குளச்சல் பக்கம் அடிக்கடி போவேன், உப்புக்காற்று பேட்டரியைத் தின்னுமா?

மணவாளக்குறிச்சி மணல்:

பேட்டரிப் பெட்டி ஐ.பி.67. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது சோதனை. ஆனால் அது புதுப் பெட்டிக்கு. வேகத்தடையில் அடி உரசி நசுங்கின பெட்டிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. குளம் மறுகால் பாய்ந்து ரோட்டில் ஓடும் தண்ணி சக்கரத்தின் நடு மூடிக்கு மேலே என்றால் இறக்காதீங்க. இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி கவர் கேட்டு வாங்குங்க, தானாகச் சேர்க்க மாட்டார்கள்.

உப்பு தின்னுவது பேட்டரியை இல்லை, பிரேக்கை. மின்சாரக் காரில் வேகம் குறைப்பதை மோட்டாரே பார்த்துக்கொள்ளும், பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. கடலோரத்தில் வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடித்து கரகரவென்று சத்தம் போடும். வாரம் ஒருநாள் ரீஜென்னை (மோட்டாரே வேகம் குறைக்கும் அந்த வசதி) பூஜ்யத்தில் வைத்து, ஆளில்லாத ரோட்டில் ஐந்தாறு தடவை நன்றாக மிதித்துப் பிடியுங்க. சார்ஜிங் மூடியைத் திறந்து போடாதீங்க. அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் கழுவலாம், பிரஷர் பைப்பைச் சார்ஜிங் வாயில் காட்டக் கூடாது.

இது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. வாரம் ஒருதடவை வீட்டு சார்ஜரில் 100 வரை ஏற்றுங்க. இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் பொய்யாகப் போய், 12 காட்டும்போதே திடீரென்று இறங்கும். வண்டி ஒருநாள் கதவே திறக்காமல் செத்ததுபோல் கிடந்தால் பெரிய பேட்டரியைச் சந்தேகப்படாதீங்க, முன்னால் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்க. சாதாக் காரில் போல அதுவும் மூணு நாலு வருடத்தில் மாற்ற வேண்டியதுதான்.

புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே நிறைத்து வையுங்க. 2017 ஒக்கியில் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குழித்துறையான்:

வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. ஷெட் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 7 வோல்ட் காட்டுது. இது கூடுதலா?

எர்த்குழி:

கூடுதல்தான், இரண்டு மூணுக்குள் இருக்கணும். வீட்டில் எல்லா லோடையும் நிறுத்திவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. அப்போது இறங்கிவிட்டால் குற்றம் நியூட்ரல் பக்கம், மீட்டர் பெட்டியிலோ போஸ்டிலோ லூஸ் ஜாயின்ட். போஸ்டில் என்றால் ஈ.பி. ஆள்தான் ஏறணும், நீங்க தொடாதீங்க. இறங்கவில்லை என்றால் குழிக்கு இரண்டு குடம் ஊற்றி மறுநாள் எர்த் டெஸ்டரோடு வரச் சொல்லுங்க. அதற்குள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க.